படியாத வினீர்

நேற்றுச் சாயங்காலம் பலகையின் இடப்பக்கம் இருந்த குமிழ், இன்று காலை வலப்பக்கம் இருந்தது.

அதைப் பார்த்ததும் சென்றாயன் முதலில் யோசித்தது, யாரைத் திட்டலாம் என்றுதான். வேலை நடந்துகொண்டிருந்த எஸ்டேட் பங்களாவில் திட்டுவதற்குத் தோதான ஆள் யாரும் இல்லை. பெயின்ட் அடிக்க வர வேண்டியவர்கள் மழையைச் சாக்காக வைத்து அடிவாரத்திலேயே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி சுகுணா மட்டும்தான். சரி, இருப்பதை வைத்துக்கொள்வோம் என்று அவளைக் கூப்பிட்டான்.

"பலகயத் தொட்டியா?"

"நான் எதுக்குங்க தொடறேன்? அந்தப் பக்கமே வரலீங்க."

"அப்பறம் குமிழு என்ன, காலு மொளச்சு நடந்து போச்சா?"

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பதில் சொன்னாலும் அவன் கேட்கப் போவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து சுகுணா பேசுவதை அவன் மழைச் சத்தத்தைக் கேட்பது போலத்தான் கேட்டிருக்கிறான். பெய்கிறது, பெய்யட்டும்.

வினீர் வேலை தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். மரத்தைச் சீவி அப்பளம் போல மெல்லிய ஏடுகளாக்கி, அதைச் சாதாரணப் பலகை மேல் பசை போட்டு ஒட்டுவதுதான் வினீர். பசை பிடிக்காத இடத்தில் ஏடு உப்பிக்கொண்டு நிற்கும். அதுதான் குமிழ். குமிழ் பெரிதாகலாம், பக்கத்தில் இன்னொன்று கிளம்பலாம். ஆனால் இருந்த இடத்தை விட்டு நகர்ந்து போகாது. முப்பது வருஷ அனுபவத்தில் அப்படி ஒன்றைச் சென்றாயன் பார்த்ததில்லை. ஆகவே அது நகரவில்லை என்று முடிவு செய்தான். தனக்குத்தான் நினைவு பிசகிவிட்டது என்றும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. பிசகுவது அடுத்தவர்களுடைய வேலை.

சேர்வராயன் மலையில் தன்னை விட்டால் வினீர்க்காரன் கிடையாது என்பது அவன் எண்ணம். அதில் பொய்யும் இல்லை. ஏற்காட்டு ஓட்டல்களில் கண்ணாடி போல மின்னும் மேஜைகளில் பாதி அவன் ஒட்டியவை. ஆனால் அந்தத் திறமை அவனுக்குத் தந்தது மற்றவர்கள் மேல் ஒரு குமட்டல்தான். முக்கியமாக ஆணி அடிக்கிறவர்கள் மேல். "ஆணி அடிக்கறவன் பந்தல்காரன். பசை போடறவன்தான் வேலக்காரன்" என்பான். அவனிடம் இருக்கும் சுத்திகூட அடிப்பதற்கானது அல்ல. வாயில் பித்தளைப் பட்டை வைத்தது. ஏட்டின் மேல் அழுத்தித் தேய்த்து, உள்ளே இருக்கும் பசையையும் காற்றையும் ஓரத்துக்குத் தள்ளுவதற்கு.

இந்தப் பலகைக்கு மரம் வந்த கதை வேறு. தலைச்சோலைக்கு அப்பால் பழைய எஸ்டேட் பங்களா ஒன்றை வாங்கி விடுதியாக்கிக்கொண்டிருந்தாள் ஷெர்லின் என்கிற பெங்களூர் அம்மாள். காம்பவுண்டுக்குள் இருந்த நாவல் மரம் ஐப்பசி மழையில் சாய்ந்தது. அதன் அடிமரத்தில், ஆள் தலை உயரத்தில், சினைமாட்டு வயிறு போல ஒரு கழலை. மற்றவர்களுக்கு அது விறகு. உள்ளே என்ன சுழி இருக்கும் என்று சென்றாயனுக்குத் தெரியும். அந்தம்மாளிடம் சொன்னான். "நம்ம மரத்துலயே ஹால் சுவருக்கு ஒரு பேனல்! எவ்வளவு நேச்சுரல்!" என்று அவள் போனிலேயே குதித்தாள். அவளுக்கு நாவலும் தெரியாது, நொச்சியும் தெரியாது.

ஆனால் கழலை பூராவும் ஆணி.

சுற்று வட்டாரத்தில் எந்தப் பெண்ணாவது பேய் பிடித்து ஆடினால் அந்த நாவல் மரத்தடிக்குத்தான் கூட்டி வருவார்கள். உச்சி முடியில் ஒரு கற்றையை ஆணியில் சுற்றி, மரத்தில் அடித்து, முடியை அறுத்துவிடுவார்கள். பிடித்தது ஆணியோடு மரத்தில் நின்றுவிடும். பெண் திரும்பிப் பார்க்காமல் நடந்து வீட்டுக்குப் போக வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. எத்தனை தலைமுறை ஆணியோ, மரம் ஒவ்வொன்றாக விழுங்கி விழுங்கி அந்த இடத்தில் வீங்கிப் போயிருந்தது. இரும்பு பட்ட இடமெல்லாம் கட்டையில் கருநீலமாகக் கன்றியிருந்தது.

ஒரு ஆணி இருந்தாலும் சேலத்து மில்லில் சீவுகிற கத்தி பல் போய்விடும். அதனால் குறடும் உளியுமாக உட்கார்ந்து ஒன்று விடாமல் பிடுங்கினான். அன்றைக்குத்தான் சுகுணா, அதிசயமாக, அவன் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, அதுல ஒண்ணு என்றதுங்க. அத மட்டும் உட்டுருங்க."

"உன்றதா? பேரு வெட்டியிருக்குதா?"

"கல்யாணத்துக்கு முன்னால எங்கப்பன் கூட்டியாந்து அடிச்சதுங்க. நான் நொம்ப நாளு நானா இல்லீங்க. அது எறங்கறதுக்குள்ள பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

"பேயாமா பேயி. என்னயக் கட்டிக்க மாட்டேன்னு ஆடியிருப்ப. உங்கப்பன் ரெண்டு அறை உட்டிருந்தா எறங்கியிருக்கும், ஆணியாவது மிச்சம்."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். மரத்தை அறுத்துக் கொடுத்த மாதையன் கூலியை வாங்கிக்கொண்டு, கட்டையை வண்டியில் ஏற்றும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். காட்டான்கள் என்று நினைத்துக்கொண்டான் சென்றாயன். ஆணிகளை ஒரு காலி பெயின்ட் டப்பாவில் போட்டான். அவற்றில் ஒட்டியிருந்த முடியைச் சுருட்டி, வஜ்ஜிரம் காய்ச்சுகிற அடுப்பில் போட்டான். மாட்டுத் தோலும் எலும்பும் காய்ச்சிய அந்தப் பசை ஏற்கெனவே நாறும். அதோடு மயிர் கருகுகிற நாற்றமும் சேர்ந்து இரண்டு நாள் பங்களாவை விட்டுப் போகவில்லை.

மில்லிலிருந்து வந்த ஏடுகள் வெயிலில் போட்ட வற்றல் போல முறுக்கிக்கொண்டிருந்தன. கழலை மரம் அப்படித்தான். நார் ஒரு திசையில் ஓடாது, தொட்டால் பொடியும், உடலெல்லாம் ஊசித்துளை, பசையைக் குடித்து மறுபக்கம் கக்கும். கிளிசரின் தண்ணீர் தெளித்து, காகிதம் வைத்து, பாரம் ஏற்றி, காகிதத்தை மாற்றி மாற்றிப் பணிய வைத்தான். பிறகு அடுத்தடுத்த இரண்டு ஏடுகளைப் புத்தகம் விரிப்பது போல விரித்துச் சேர்த்தான். ஒரு பக்கத்துச் சுழி மறுபக்கத்தில் கண்ணாடியில் போலத் தெரியும். ஒட்டி நிமிர்த்திப் பார்த்தபோது, தலையைக் குனிந்து முடியை விரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு வரிசைப் பெண்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது. படம் அனுப்பினான். "ரொம்ப ஆர்ட்டிஸ்டிக்!" என்று ஷெர்லினிடமிருந்து பதில் வந்தது. வழித்துப் போட்ட சாணியைப் பார்த்தாலும் அந்தம்மாள் அதையேதான் சொல்லியிருப்பாள்.

இப்போது அந்தப் பலகை ஹால் சுவரில், ஜன்னலை ஒட்டிய பக்கம், ஆள் உயரத்துக்கு நின்றிருந்தது. நாளைக்கு அந்தம்மாள் வருகிறாள். குமிழ் மட்டும் படிய வேண்டும்.

விரல் நகத்தால் தட்டிப் பார்த்தான். பசை பிடித்த இடம் 'டக்' என்னும். பிடிக்காத இடம் 'டொப்' என்னும். டக், டக், டொப். அதன் எல்லை தெரிவதற்காகச் சுற்றிலும் தட்டிக்கொண்டே போனான். டொப். டொப். கையை எடுத்தான். உள்ளேயிருந்து இன்னொரு முறை, மெதுவாக, டொப்.

ஈரக்காற்று. மரம் ஊறினால் முனகும். இதெல்லாம் அவனுக்குத் தெரியாததா?

கத்தி முனையால் நாரோடு ஒரு கீறல் போட்டான், பசையை உள்ளே விடுவதற்கு. கீறலிலிருந்து ஒரு முடி எட்டிப் பார்த்தது. பிரஷ் முடி என்று நினைத்து இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். வந்தது. வந்துகொண்டே இருந்தது. முழ நீளம், நனைந்து, வெதுவெதுப்பாக. கடைசியில் தலையிலிருந்து பிடுங்கினால் எப்படி விடுமோ அப்படி வெடுக்கென்று விட்டது. பின்கட்டில் சுகுணா "ஸ்ஸ்" என்றாள்.

அவன் முடியைச் சுருட்டித் தரையில் எறிந்தான். மில்காரர்கள் சுத்தம் தெரியாதவர்கள். கீறலில் வஜ்ஜிரத்தை விட்டு, மேலே காகிதம் வைத்து, கரி இஸ்திரிப் பெட்டியை அழுத்தினான்.

அலறல் கேட்டது. பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. போய்ப் பார்த்தால் சுகுணா தரையில் குந்தி, பிடரியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கைக்கு அடியில் தோல் சிவந்து, முக்கோணமாக வெந்திருந்தது.

"கொழம்பு தெறிச்சுதா? அடுப்புக்குள்ளயே மண்டயக் குடுத்துட்டு நிக்காத."

"அடுப்பே பத்த வெக்கலீங்க." அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஊட்டுக்குப் போயிரலாங்க. எனக்கு உள்ளார என்னமோ பண்ணுது. எனக்குள்ளயே எனக்கு எடம் பத்தலீங்க."

"நாளைக்கு அந்தம்மா வருது. இப்பப் போயி எடம் பத்தல, வயிறு பத்தலன்னுட்டு."

"வெண்ணிலா பஸ்ஸு வர்ற நேரத்துக்காச்சும் கெளம்பலாங்க. புள்ளய இந்தப் பக்கம் வர உடாதீங்க."

வெண்ணிலா அவர்களுடைய மகள். சேலத்தில் காலேஜ் படிக்கிறாள். சாயங்கால பஸ்ஸில் பங்களா கேட்டருகே இறங்கி, அப்பா அம்மாவோடு வீட்டுக்குப் போவாள். அவளை ஏன் வர விடக்கூடாது என்று சென்றாயன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பசை ஆறிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கியது. முதலில் சில்வர் ஓக் மரங்களின் தலைகள் காணாமல் போயின, பிறகு காப்பிச் செடிகள், பிறகு வாசல் படிகள், காப்பிப் பழம் உரிக்கும் பல்ப் ஹவுஸ் பக்கமிருந்து புளித்த காப்பித்தோல் நாற்றம் ஈரத்தோடு ஈரமாக ஜன்னல் வழியே உள்ளே வந்து வஜ்ஜிர நாற்றத்தோடு கலந்து தொண்டையில் படிந்தது, கரண்ட் போனது, ஓட்டுக் கூரையிலிருந்து எங்கோ ஓரிடத்தில் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தமும், பின்கட்டில் சுகுணா பாத்திரங்களை அடுக்கும் சத்தமும் தவிர அந்தப் பெரிய வீட்டில் வேறு எதுவுமே கேட்கவில்லை. சென்றாயன் பலகையின் முன் நின்றான்.

மேல் மூலையில் ஒரு குமிழ். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போர்வைக்கு அடியில் எலி போவது போல, அது நகர்ந்தது.

சுத்தியை எடுத்து அழுத்தித் தேய்த்தான். அது பணிந்தது. கீழே ஒன்று எழுந்தது. அதைத் தேய்த்தான். பக்கவாட்டில் இரண்டு. எல்லாம் நடுவை நோக்கி, இரண்டு ஏடுகளும் சேர்கிற கோட்டை நோக்கி வந்தன. வஜ்ஜிரம் ஊசித்துளைகள் வழியாக வியர்வை போலக் கசிந்தது. அவன் பயந்தான். இதை எழுதுகிறவனுக்கு அதைச் சொல்வதில் கூச்சமில்லை, அவனுக்குத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக் கூச்சம். மட்டமான மரம், மட்டமான மில், மட்டமான ஈரம் என்று வாய்விட்டுத் திட்டிக்கொண்டே தேய்த்தான்.

நடுவில் ஒரு புடைப்பு. தலை அளவு. கீழே தோள்.

பின்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

சொட்டும் நின்றது.

தோளுக்குக் கீழே கை. கை அசைந்தது. ஏடு கிழியவில்லை. நெளிந்தது.

"மாமா."

திரும்பினான். கதவருகில் சுகுணா. முடியை அவிழ்த்து விட்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அவனை மாமா என்று கூப்பிட்டதில்லை. பக்கத்து லைன் வீட்டில் ஒரு பெண்டாட்டி புருஷனை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அவன் மனதுக்குள் பொறாமைப்பட்டதுண்டு. இப்போது, அந்தப் பயத்திலும், அவனுக்கு உள்ளே இனித்தது. முட்டாள்.

"படிய மாட்டேங்குதுங்களா மாமா?"

"ஏடு சரியில்ல."

"ஒரே ஒரு ஆணிங்க மாமா. என்ற முடியச் சுத்தி அடிச்சிருங்க. படிஞ்சுரும்." இடுப்பில் அந்தப் பெயின்ட் டப்பா இருந்தது.

"என்ற வேலைல ஆணியா?"

"இந்த மலையில உங்களாட்டம் வேலக்காரரு ஆருங்க இருக்கறாங்க? ஒரு ஆணில உங்க பேரு கொறஞ்சா போயிரும்? ஆருக்குத் தெரியப் போவுது?"

அவள் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று, உச்சி முடியில் ஒரு கற்றையைப் பிரித்துப் புடைப்பின் மேல் வைத்துப் பிடித்தாள். சென்ட்ரிங் ஆட்கள் விட்டுப்போன சுத்தி தரையில் கிடந்தது. சென்றாயன் அதை எடுத்தான். துருப்பிடித்த ஆணியில் முடியைச் சுற்றினான்.

அடித்தான். புடைப்பு துடித்தது.

மறுபடி அடித்தான். கை மடங்கியது. தோள் அடங்கியது.

மூன்றாவது அடிக்கு எல்லாம் படிந்தது. வினீர் கத்தியால் முடியை அறுத்தான்.

அவள் டப்பாவை இடுப்பில் அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், நிதானமாக நடந்து வாசல் படி இறங்கிப் பனிக்குள் போனாள்.

பலகை தண்ணீர் போல நின்றது. ஒரு மேடு இல்லை, பள்ளம் இல்லை. அவனுக்கு மூச்சு வந்தது, கூடவே கர்வமும் வந்தது. எந்தப் பயல் ஒட்டுவான் இப்படி? சமம் பார்ப்பதற்காக இரண்டு உள்ளங்கைகளையும் ஈரம் கசிந்த ஏட்டின் மேல் விரித்து வைத்து, வெற்றிடம் இருக்கிறதா என்று கேட்பதற்குக் காதையும் கன்னத்தையும் அழுத்தி வைத்தான்.

"ஏனுங்க."

உள்ளே. மிக அருகில். மரத்துக்கும் காதுக்கும் நடுவில்.

"ஏனுங்க, நான்தானுங்க. கேக்குதுங்களா?"

அவன் கண்கள் அவள் இறங்கிப் போன பக்கம் திரும்பின.

"போனது நான் இல்லீங்க. அந்த ஆணில இருந்தவ எனக்குள்ள வந்ததும் என்னய இங்க தள்ளி உட்டுட்டாளுங்க. நீங்க ஆணியடிச்சுட்டீங்க. புடுங்குங்க. இங்க நெறயப் பேருங்க. எல்லாருக்கும் வெளிய வரோணுமாங்க. உள்ளார பூந்துக்க ஆளு வேணுமாங்க." பிறகு, அழுகையை அடக்குகிற குரலில், "வெண்ணிலா பஸ்ஸு வந்துருச்சுங்களா?"

குறடு. குறடு எங்கே. கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

வஜ்ஜிரம் ஆறினால் பிடிக்கும். அவனுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த விஷயம் உலகத்தில் இல்லை. துளைகள் வழியே கசிந்த பசை இரண்டு உள்ளங்கைகளையும் காதையும் கன்னத்தையும் மூச்சு முட்டப் பிடித்திருந்தது. இழுத்தான். தோல் கிழிந்தது. மரம் விடவில்லை. வெந்நீர் ஊற்றினால் விடும். ஊற்ற ஆள் வேண்டும்.

முகம் ஜன்னல் பக்கம் திரும்பிப் பதிந்திருந்தது. பனி கொஞ்சம் விலகியது. கேட் தெரிந்தது. பஸ் போய்விட்டிருந்தது.

கேட்டுக்கு இந்தப் பக்கம், இளம் சில்வர் ஓக் மரத்தில் சாய்ந்து வெண்ணிலா நின்றிருந்தாள். தோளில் பை, கையில் போன். பக்கத்தில் அம்மா. அம்மா அவள் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவசரமில்லாமல், ஆசையாக, விரலால் கோதி, உச்சியில் ஒரு கற்றையை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்தாள். மரத்தடியில் டப்பா. டப்பாவின் மேல் ஒரு கல்.

"வெண்ணிலா!" சென்றாயன் அடிவயிற்றிலிருந்து கத்தினான். "ஏ புள்ள! ஓடு! ஓடு!"

அது கேட்டது. அவள் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நின்று கத்திக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். அப்பா கத்தாத நாள் எது? யார் என்ன செய்தார்களோ, எந்த வேலைக்காரனுக்கு என்ன வசவோ. அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

பிறகு, முடிச்சுப் போட வசதியாக, வெண்ணிலா தலையை மரத்தோடு சாய்த்துக் கொடுத்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.